தொட்டியத்தம்மாவின் ஸ்பூன்

நம் வீட்டு அடுப்பங்கரையில் தனி ஆணியில் தொங்கும் அலுமினிய ஸ்பூனை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதன் காம்பு நேராக இருக்காது. நடுவில் வளைந்து ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும். கையில் பிடிக்கும் இடத்தில் துணி சுற்றி நூலால் கட்டியிருக்கும். துணியை நான் எத்தனையோ முறை மாற்றியிருக்கிறேன். வளைவை மாற்றியதில்லை. உங்களில் ஒருவன் சின்ன வயதில் அதை எடுத்துப்போய் கொல்லையில் மண் தோண்டினான் என்று முதுகில் ஒன்று வைத்தேன். பிள்ளைகளை நான் கைநீட்டி அடித்தது அந்த ஒரு முறைதான். உங்கள் பெரியக்காவுக்கு மூன்று வேளையும் அந்த ஸ்பூனில்தான் சாப்பாடு. கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்ட வேண்டும். தட்டினால் வாயைத் திறப்பாள். தட்டாவிட்டால் தங்கத்தைக் கரைத்து ஊற்றினாலும் திறக்க மாட்டாள். அது அப்பா கண்டுபிடித்த வித்தை என்று நீங்கள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியிருக்கிறீர்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கிறேன்.

போன வாரம் நம் சின்னவள் ஒரு செய்தியோடு வந்தாள். விசேஷக் கவனிப்பு வேண்டிய பிள்ளைகளின் பாலர் பள்ளியில் உதவியாளர் வேலைக்கு ஒரு பயிற்சி நடக்கிறதாம். அதில் சேர்ந்துவிட்டாளாம். "அப்பா, உங்க சர்ட்டிபிகேட்டைக் கழட்டிக் குடுங்கப்பா, எங்க டீச்சர்கிட்ட காட்டணும். அந்தக் காலத்துலயே ஒரு ஆம்பளை இந்த ட்ரெயினிங் முடிச்சிருக்கார்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள். நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்து அந்தக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் பல்லி முட்டையும் ஒட்டடையும் இருந்தன. துடைத்து மேஜைமேல் வைத்தேன். கொடுக்கக் கை வரவில்லை. அதைக் கொடுப்பதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றிவிட்டது. நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுதும் படியுங்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. நாம் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் போகிற சாலையில் ஓர் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நாம் என்றால் நானும் உங்கள் அம்மாவும் பெரியக்காவும்தான். அவளுக்கு அப்போது நாலு வயது. கழுத்து நிற்காது. கால்கள் கத்தரிக்கோல் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கண் பார்வையும் மங்கல். பாலக்கரையில் கன்னியாஸ்திரீகள் சிலர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு பாலர் வகுப்பு நடத்துவதாகக் கேள்விப்பட்டு, தூக்கிக்கொண்டு போனேன். சேர்த்துக்கொண்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. ஆள் பற்றாக்குறை என்பதால், உதவியாளர்களுக்கு அவர்கள் நடத்தும் ஆறு மாதப் பயிற்சியில் பிள்ளையின் வீட்டிலிருந்து ஒருவர் சேர்ந்து படிக்க வேண்டும். உங்கள் அம்மா அப்போது மாசமாக இருந்தாள். கனம் தூக்கக் கூடாது. எனக்கு அச்சகத்தில் பைண்டிங் வேலை. மத்தியானத்துக்கு மேல் போனால் போதும். அதனால் காலை வகுப்புக்கு நான் போனேன். ஒன்பது பெண்களுக்கு நடுவில் மீசையோடு நான் ஒருவன்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஊர் தொட்டியம் என்பதால் எல்லோரும் தொட்டியத்தம்மா என்றே கூப்பிட்டோம். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் இல்லை. அண்ணன் வீட்டில், அவர்களுடைய வாழைத் தோட்டத்தில் இலை அறுத்துக்கொண்டு காலத்தை ஓட்டியவள். அவளுக்கும் நம் பெரியக்காவைப் போலவே ஒரு பையன் இருந்து, மூன்று வயதில் நெஞ்சில் சளி கட்டிப் போய்விட்டானாம். பயிற்சி முடிந்ததும் பாலர் வகுப்பில் ஓர் ஆளை நிரந்தரமாக எடுக்கப்போவதாகப் பெரிய சிஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். பெரிய சிஸ்டர்தான் அங்கே எல்லாம். எங்களுக்கு வகுப்பு எடுத்ததும் அவர்தான். வேலை கிடைப்பவர் தங்கிக்கொள்ளக் கொல்லைப்புறத்தில் சின்ன அறை ஒன்று காலியாக இருந்தது. தொட்டியத்தம்மா அந்த அறைக்குள் முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "ஒரு ஆணி அடிச்சிருக்குங்க அண்ணே. பையை மாட்டிட்டு நிம்மதியாப் படுத்துக்கலாம். அண்ணி முகத்துல முழிக்க வேணாம்" என்றாள். அவளுக்கு அந்தச் சர்ட்டிபிகேட் எதற்கு என்று எனக்குப் புரிந்துவிட்டது.

பயிற்சி என்றால் புத்தகம் வைத்துப் படிப்பது என்று நினைத்துப் போனேன். அங்கே பிள்ளைகளுக்குச் செய்யப்போவதையெல்லாம் முதலில் எங்களுக்கே செய்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னார்கள். கைகளைக் கட்டிவிட்டு இன்னொருவர் ஊட்டச் சாப்பிடச் சொன்னார்கள். உமி நிரப்பிய சாக்குப் பொம்மையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அதன் கால்கள் பின்னிக்கொள்ளாமல் மாடிப்படி ஏறச் சொன்னார்கள். பாலக்கரைக்காரி ஒருத்தி இருந்தாள், வாய் ஓயாதவள். நான் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஆராரோ சொன்னதைக் கேட்டு, "ஏண்ணே, இந்த மீசையை வச்சுக்கிட்டுத் தாலாட்டுனா பிள்ளை பயந்துக்காதா?" என்றாள். தொட்டியத்தம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "பயப்படட்டும் விடுங்க, அப்பவாச்சும் வாயைத் தெறக்கும். ஒங்க தாலாட்டுக்குத் தூங்குறதெல்லாம் பயத்துலதான் தூங்குது" என்றாள். வகுப்பே சிரித்தது. அவள் பேசுவது குறைவு. பேசினால் இப்படித்தான்.

ஒரு நாள் பெரிய சிஸ்டர் எங்களை எல்லாம் பாயில் மல்லாந்து படுக்கச் சொன்னார். தலையைத் தூக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் வாயில் ஒரு ஸ்பூன் கஞ்சி ஊற்ற வேண்டும். ஊற்றினார்கள். அத்தனை பேரும் இருமித் தள்ளிவிட்டோம். பாலக்கரைக்காரிக்கு மூக்கு வழியாக வந்துவிட்டது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நீங்க எந்திரிச்சு உக்காந்துட்டீங்க. இருமிட்டீங்க. இந்தப் பிள்ளைங்களால அது முடியாது. நீங்க ஊத்துறது வயித்துக்குப் போகாது, நெஞ்சுக்குள்ள போகும். அன்னைக்கோ மறுநாளோ காய்ச்சல் வரும். நம்ம ஊர்ல காலை நீட்டிப் போட்டு, அதுமேல பிள்ளையைப் படுக்க வச்சுப் பாலாடையில ஊத்துறோமே, பச்சைப்பிள்ளைக்கு அது சரி. இதுங்களுக்கு அது விஷம். உக்கார வைக்கணும், தாடை கீழ பாக்கணும், முழுங்குனப்புறம்தான் அடுத்த வாய். படுக்க வச்சு ஊட்டுனது தெரிஞ்சா அந்த ஆளுக்குச் சர்ட்டிபிகேட் கிடையாது. வீட்டுல அப்படி ஊட்டுனா அந்தப் பிள்ளைக்கு இங்க இடம் கிடையாது" என்றார்.

தொட்டியத்தம்மா மட்டும் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. கஞ்சி வாயோரம் வழிந்து காதுப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. கண் உத்திரத்தைப் பார்த்தபடி இருந்தது. பிறகு எழுந்து, முந்தானையால் துடைத்துக்கொண்டு, வெளியே குழாயடிக்குப் போனாள். வெகுநேரம் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தவள், பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூணு வருஷம் கால்மேல போட்டுத்தாங்க ஊத்தினேன். அவன் இருமுனா முதுகைத் தட்டிட்டு இன்னும் ரெண்டு பாலாடை ஊத்துவேன். பசியில இருமுறான்னு நெனைச்சேன்" என்றாள். நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஊட்டுவதைப் பார்க்க வேண்டுமே. சொந்தப் பிள்ளையைச் சொந்த ஆள் கவனிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம். உறவு வந்தால் கை தளர்ந்துவிடுமாம். அதனால் நம் பெரியக்கா அவள் பொறுப்பில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் தாடையைத் தாங்கி ஊட்டும்போது, பிள்ளையின் தலை திரும்பாமலே ஸ்பூன் நேரே வாய்க்குள் போக வேண்டும் என்று, கதவுச் சந்தில் கொடுத்துக் காம்பை வளைத்தது அவள்தான். கண் தெரியாத பிள்ளைக்குச் சோறு வருவதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, கிண்ணத்தில் இரண்டு முறை தட்டிப் பழக்கியதும் அவள்தான். தட்டுவாள், காத்திருப்பாள். பிள்ளை தானாக வாய் திறக்கும் வரை அவள் கை முன்னே போகாது. ஒரு கிண்ணம் குழைந்த சாதம் ஊட்ட முக்கால் மணி நேரம். பெரிய சிஸ்டர் ஒரு நாள் வாசற்படியில் நின்று அதைக் கடைசி வாய் வரை பார்த்துவிட்டுப் போனார். அந்த அறை இனி யாருக்கு என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஐந்தாம் மாதம் ஆடிப்பெருக்கு வந்தது. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு படித்துறைக்குப் போகாமல் இருக்க முடியுமா? காவிரி இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அம்மா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. உங்கள் அம்மா காதோலை கருகமணியும் பூவும் எடுத்துக்கொண்டு, நிறைமாதத்தோடு படியில் இறங்கிப் போனாள். நான் பெரியக்காவோடு மேலே ஒரு தூண் ஓரத்தில் உட்கார்ந்தேன். கட்டிக்கொண்டு வந்த தயிர்சாதத்தைப் பிசைந்து, வகுப்பில் கற்றபடி அவளை நிமிர்த்தி, தாடையைப் பிடித்தேன். அவள் கால் இரண்டும் பின்னிக்கொண்டன. வாயோரம் எச்சில் வழிந்தது. சுற்றிலும் பட்டுப்பாவாடை கட்டிய பிள்ளைகள் முளைப்பாரியைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தது. ஒரு குழந்தை, "அம்மா, அந்த அக்கா ஏன் அப்படி இருக்கு?" என்று கேட்டது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

நான் பெரியக்காவை மடியில் மல்லாந்து படுக்க வைத்தேன். அவள் நீளக் கால்களைத் துண்டால் மூடினேன். கைக்குழந்தை மாதிரி தெரிய வேண்டும் என்று அப்படிச் செய்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஒரு மாமி, "குழந்தைக்கு என்ன வயசாறது? தலை நிறைய முடி இருக்கே" என்றார். "ஒன்றரைங்க" என்றேன். நாலு வயதுப் பிள்ளையை ஒன்றரை என்றேன். சொல்லிக்கொண்டே, படுத்திருந்தவள் வாயில் ஊட்டினேன். இரண்டாவது வாய் போனது. மூன்றாவதில் அவள் முகம் மாறியது. உதடு நீலம் பாரித்தது. தூக்கி நிமிர்த்தி முதுகைத் தடவினேன். ஈரமான ஒரு சின்ன இருமல் வந்தது. அப்புறம் மூச்சு சரியாகிவிட்டது. உங்கள் அம்மா ஈரப்புடவையோடு மேலே வந்தபோது, "சாப்பிட்டாளா?" என்று கேட்டாள். "சாப்பிட்டா" என்றேன்.

மறுநாள் காலை காய்ச்சல் இல்லை. வகுப்புக்குத் தூக்கிப் போனேன். பத்து மணிக்குத் தொட்டியத்தம்மா வழக்கம்போல ஊட்டினாள். மத்தியானத்துக்குள் பிள்ளைக்கு உடம்பு அனலாகிவிட்டது. நெஞ்சு கர் கர் என்றது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சாப்பாடு நெஞ்சுக்குள் போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சொன்னது என்னிடம் மட்டும் அல்ல, கூட வந்த சிஸ்டரிடமும்தான்.

அதற்கு அடுத்த நாள் வகுப்பில் நடந்ததை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன். பெரிய சிஸ்டர் நின்றுகொண்டே கேட்டார். "பாப்பாவுக்குக் கடைசியா ஊட்டினது யாரு?"

"நான்தாங்க சிஸ்டர்" என்றாள் தொட்டியத்தம்மா.

"உக்கார வச்சுத்தானே?"

"உக்கார வச்சுத்தாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். தன் வலது கையைப் புரட்டிப் பார்த்தாள். "நடுவுல அழுதுச்சுங்க. மடியில வாங்கினேன். அப்ப வாயில சோறு இருந்துச்சோ என்னமோ தெரியலை. இல்லைன்னுதான் நெனைக்கிறேன். ஆனா என் கையை நானே நம்ப மாட்டேங்க சிஸ்டர். மூணு வருஷம் பழகுன கை. ஒண்ணை அனுப்பி வச்ச கை."

பெரிய சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வீட்டுல என்ன குடுத்தீங்க? எப்படிக் குடுத்தீங்க?"

 உண்மையைச் சொன்னால் பிள்ளைக்கு இங்கே இடம் போய்விடும். வேறு இடம் திருச்சியில் இல்லை. இதுதான் அப்போது என் மண்டைக்குள் ஓடியது. தூணோரத்தில் நான் வெட்கப்பட்டது அதற்கும் அடியில் கிடந்தது. "கஞ்சிதான் சிஸ்டர். உக்கார வச்சுத்தான்" என்றேன். தொட்டியத்தம்மா என்னைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், தனக்குத் தெரிந்த ஒன்றை வேறொருவரும் சொல்லிவிட்டது போல.

பிள்ளை பிழைத்தாள். பத்து நாள் கழித்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு பாலர் வகுப்பு வாசலுக்குப் போனபோது, தொட்டியத்தம்மா துணிப்பையோடு வெளியே வந்தாள். சர்ட்டிபிகேட் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். சிஸ்டரும் அழுதாராம். பிள்ளையின் காதருகே விரலால் பையின் மரப்பிடியில் இரண்டு தட்டுத் தட்டினாள். பிள்ளை வாயைத் திறந்தாள். அவள் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஸ்பூனை எடுத்து என் கையில் வைத்தாள். "புதுசு வாங்கி வளைக்காதீங்க அண்ணே. இதுதான் அதுக்குப் பழக்கம். ரெண்டு தட்டு தட்டிட்டுக் குடுங்க. தானாத் தெறக்கட்டும், அவசரப்படாதீங்க." பிறகு கை இரண்டையும் கூப்பினாள். "நம்பி என்கிட்ட விட்டீங்க. மன்னிச்சுக்கங்க."

நான் சொன்னேன்: "பரவாயில்லைம்மா."

இந்தக் கையால் எழுதவும் கூசுகிறது. நான் அவளை மன்னித்தேன். என் தப்புக்கு அவளை மன்னித்துப் பஸ் ஏற்றினேன். அவள் அதற்காக எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த மாதம் எனக்குச் சர்ட்டிபிகேட் வந்தது. அந்த வேலையில் வேறு யாரும் நிலைக்கவில்லை. பெரிய சிஸ்டர் என்னையே கேட்டார். அச்சகத்தை விட்டு அங்கே சேர்ந்து, இருபத்தைந்து வருஷம் இருந்தேன். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டு வளர்ந்தது அந்தச் சம்பளத்தில். கொல்லைப்புற அறையில் மர நாற்காலிகளையும் சாக்குப் பொம்மைகளையும் போட்டு வைத்தேன். தினமும் அந்தக் கதவைத் திறக்கும்போது எதிரே அந்த ஆணி தெரியும். அதில் எதையும் மாட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரு முறை ஒரு புது ஆயா தன் பையை அதில் மாட்டினாள். காரணம் சொல்லத் தெரியாமல் எடுக்கச் சொன்னேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அவள் வெளியே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருஷம் கழித்துத் தொட்டியம் போனேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அண்ணன் வீட்டைக் கண்டுபிடித்து வாசலில் நின்றால், அண்ணிக்காரி ஓடுகிற பிள்ளையைப் பிடித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். "அதுவா? தோட்டத்துல இலை அறுக்குது. இருங்க, வரும்" என்றவள், தானாகவே சொன்னாள்: "நானும் ஒண்டியாக் கெடந்து லோல்படுறேன். ஒத்தாசையா ஒரு வாய் ஊட்டுன்னா ஊட்டாது. கைக்குழந்தையைக் கூடக் கையில வாங்காது. திருச்சிக்குப் போயி என்னத்தைப் படிச்சிட்டு வந்துச்சோ."

தொட்டியத்தம்மா வந்தாள். வாழைக்கறை பட்ட புடவை. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா தானாத் தெறக்குதா?" என்பதுதான். "தெறக்குதும்மா" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "நல்லவேளைங்க அண்ணே. அதுவாச்சும் தப்பிச்சுது. அதை நெனைச்சுக்கிட்டுத்தான் படுத்தா கொஞ்சம் கண்ணு மூடுது" என்றாள். ஸ்பூனை வாங்கிப் பார்த்து, துணி நைந்திருக்கிறது என்று தன் முந்தானை ஓரத்தைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தாள். நான் வாய் திறந்தேன். அண்ணிக்காரி காப்பி கொண்டு வந்தாள். குடித்தேன். பஸ் வந்துவிடும் என்றார்கள். ஒரு சீப்புப் பூவன் பழத்தைத் தொட்டியத்தம்மா இலையில் சுற்றிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். முசிறி தாண்டுகிற வரை, இறங்கித் திரும்பிப் போய்விடலாம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் எழுந்து நின்றேன். கண்டக்டர், "எங்க இறங்கணும்னு தெரியாமலே டிக்கெட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். அடுத்த முறை போனபோது அவள் இல்லை. போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கடைசி வரை ஒரு பிள்ளையையும் தொடவில்லை என்றார்கள்.

உங்கள் அம்மாவிடமும் நான் இதைச் சொன்னதில்லை. அவளும் போய்விட்டாள். சின்னவளே, சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போ. அதில் இருப்பது என் பெயர். அந்த வித்தை யாருடையது என்பதையும் உன் டீச்சரிடம் சொல். உன் வகுப்பிலும் ஒரு நாள், கடைசியாக ஊட்டியது யார் என்று கேட்பார்கள். அப்போது அறையில் இருப்பதிலேயே அதிகம் பயந்த ஆள்தான் முதலில் கையைத் தூக்கும். உனக்குத் தெரிந்ததை நீ உடனே சொல்லிவிடு.

இன்று மத்தியானம் இதை எழுதுவதை நிறுத்திவிட்டு, பெரியக்காவுக்கு ஊட்டப் போனேன். நாற்பதை நெருங்கிவிட்டாள், காதோரம் நரை வந்துவிட்டது. வீட்டில் யாரும் இல்லை. அவள் முன்னால் உட்கார்ந்து, "அன்னைக்குப் படித்துறையில ஊட்டினது அப்பாதான். தொட்டியத்தம்மா இல்லை" என்று சத்தமாகச் சொன்னேன். அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள். பேசிய வேகத்தில் கிண்ணத்தில் ஒரு முறைதான் தட்டியிருக்கிறேன். அவள் வாயைத் திறக்கவில்லை. உதடுகளை மூடிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, இன்னொரு தட்டுக்காகக் காத்திருந்தாள்.  இரண்டாவது முறை தட்டினேன்.